அடுக்குமாடித் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதியும்: அறிவிப்பு எப்போது வரும், எங்கே தேடுவது, 30 நாளில் என்ன செய்வது

தெருக்கோடியில் இருந்த காலி மனையைச் சுற்றித் தகரத் தடுப்பு போட்டாயிற்று. "பதினாலு மாடியாம், முந்நூறு வீடாம்" என்று டீக்கடையில் பேச்சு. மழைநீர் போகிற கால்வாயை என்ன செய்வார்கள், கழிவுநீரை எங்கே விடுவார்கள், இருக்கிற நிலத்தடி நீரும் போய்விடுமா என்று குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் கேள்விகள் எழுகின்றன. அப்போது விவரம் தெரிந்த ஒருவர் சொல்வார்: "கலெக்டர் தலைமையில கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவாங்க சார். அப்ப வச்சுக்கலாம்."

போட மாட்டார்கள். சிமென்ட் ஆலைக்கும் அனல் மின் நிலையத்துக்கும் போடுவார்கள். வீட்டுக் கட்டுமானத் திட்டத்துக்குப் போட மாட்டார்கள். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இன்றும் அடிப்படை. அதன் 7-ஆவது பத்தி, கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் (டவுன்ஷிப்) திட்டங்களுக்கும் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. இந்தத் திட்டங்களைப் பொறுத்தவரை மக்களுக்கான அறிவிப்பு என்பது அனுமதி கொடுத்து முடித்த பிறகு வருவது. "உங்கள் கருத்து என்ன" என்று அது கேட்காது. "அனுமதி கொடுத்தாயிற்று" என்று மட்டும் சொல்லும். அந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கான 30 நாள் ஓட ஆரம்பித்துவிடும்.

ஆகவே கூட்டத்துக்குக் காத்திருக்கிறவர்கள் இரண்டு முறை ஏமாறுகிறார்கள். கூட்டமும் வராது, மேல்முறையீட்டுக் காலமும் போய்விடும். இரண்டையும் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: இந்தத் திட்டத்துக்கு அனுமதி தேவையா?

அறிவிக்கையின் அட்டவணையில் கட்டடங்களுக்கென்று இரண்டு வரிசைகள் உண்டு. 8(அ): மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும், 1,50,000-க்குக் கீழ். 8(ஆ): கட்டுமானப் பரப்பு 1,50,000 சதுர மீட்டருக்குக் குறையாதது, அல்லது 50 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் வரும் நகரியம். 20,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 2,15,000 சதுர அடி.

பில்டர் விளம்பரத்தில் போடும் சதுர அடியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம்) கணக்கில் வரும் பரப்பும் உதவாது. எல்லாத் தளங்களையும் கூட்டி, பேஸ்மென்ட்டையும் மற்ற சேவைப் பகுதிகளையும் சேர்த்து வருவதைத்தான் அறிவிக்கை கட்டுமானப் பரப்பு என்கிறது. ஒரு திட்டத்தில் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வரும் பரப்பு 17,500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். "நாங்க இருபதாயிரத்துக்குக் கீழதான்" என்பார்கள். கார் நிறுத்த ஒரு பேஸ்மென்ட் 3,200, மின்மாற்றி அறை, ஜெனரேட்டர் அறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் சேர்த்து இன்னொரு 600. மொத்தம் 21,300. அனுமதி தேவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே நிலத்தைப் பிரித்து, "முதல் கட்டம்", "இரண்டாம் கட்டம்" என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றும் 20,000-க்குக் கீழே நிற்கும்படி திட்டம் போடுவது கட்டுமானத் துறையில் பழக்கப்பட்ட தந்திரம். வாசல் ஒன்று, உள்சாலை ஒன்று, சுத்திகரிப்பு நிலையம் ஒன்று என்றால் அது ஒரே திட்டம் என்று வாதிட உங்களுக்கு இடமிருக்கிறது. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அவற்றின் சர்வே எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும்.

20,000-க்குக் கீழே இருந்தால் இந்த அறிவிக்கையின்படி அனுமதியும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி.யின் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) திட்ட அனுமதியைத்தான்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் நிலம் வந்தால் அதற்கென்று தனி அனுமதி உண்டு. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் இருப்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது தனிக் கதை.

படி 2: அனுமதிக்கு முன்பே கோப்பைப் பிடிப்பது

முன்கூட்டி அழைப்பு வராது என்பதால் நாமே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கான கதவு திறந்தேதான் கிடக்கிறது. நம்மில் பலர் தட்டுவதில்லை.

வீட்டுத் திட்டங்களை ஆராய்வது மாநில அளவிலான இரண்டு அமைப்புகள். வல்லுநர்கள் அடங்கிய மதிப்பீட்டுக் குழு ஆவணங்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுக்கும் அல்லது மறுக்கும். தமிழ்நாட்டு ஆணையத்தின் அலுவலகம் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிறது. ஆணையத்தின் பதவிக்காலம் முடிந்து புதிய ஆணையம் அமையாத நேரங்களில் கோப்புகள் டெல்லிக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் குழுவுக்குப் போகும். "மாநிலப் பட்டியலில் காணோமே" என்று விட்டுவிடாமல் அங்கேயும் தேடுங்கள்.

தேட வேண்டிய இடம் அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம். 2018-லிருந்து விண்ணப்பங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. மாநிலம் தமிழ்நாடு, துறை "இன்ஃப்ரா 2" என்று தேர்ந்தெடுத்தால் கட்டடத் திட்டங்கள் வரும். பில்டர் விளம்பரத்தில் வைக்கும் பெயரும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்காது. விளம்பரத்தில் ஏதோ ஒரு "ரெசிடென்சி" என்றிருக்கும். விண்ணப்பமோ நில உரிமையாளர் பெயரிலோ யாரும் கேள்விப்படாத இன்னொரு கம்பெனி பெயரிலோ இருக்கும். பெயரை விட்டுவிட்டு கிராமம், வட்டம், சர்வே எண் வைத்துத் தேடினால் அகப்படும். கிடைத்ததும் விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

விண்ணப்பத்தோடு வரும் விவரங்களில் எதைப் படிப்பது? 8(அ) திட்டங்களுக்கு முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுவதில்லை. படிவம் 1, 1ஏ, கருத்துருத் திட்டம் (கான்செப்ட் பிளான்) ஆகியவற்றை வைத்தே மதிப்பிட வேண்டும் என்கிறது அறிவிக்கை. 8(ஆ)வுக்கு ஆய்வு வரம்பு நிர்ணயித்து அறிக்கை தயாரிக்க வேண்டும். ஆனால் அங்கும் கருத்துக் கேட்பு கிடையாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் உள்ளூர்க்காரர் படிக்க வேண்டியது நாலைந்து இடங்கள்தான்.

முதலாவது நீர்க்கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ லிட்டர், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். "குடிநீர் வாரியம்" என்று போட்டிருப்பார்கள். உங்கள் பகுதிக்கே இன்னும் குழாய் இணைப்பு வராமல் டேங்கர் லாரிதான் என்றால், அந்த ஒரு வரியே நல்ல ஆட்சேபம். வாரியம் கொடுத்த உறுதிக் கடிதம் இணைப்பில் இருக்கிறதா, அதில் "எதிர்காலத்தில் வழங்கப்படும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, சுத்திகரித்த பின் மிஞ்சும் நீர். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போக மீதியை எங்கே விடப்போகிறார்கள்? பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் "சாக்கடை இணைப்பில் விடப்படும்" என்று எழுதுவது சர்வ சாதாரணம்.

மூன்றாவது, நிலத்தைச் சுற்றியுள்ள நீர்நிலைகள். இங்கேதான் உள்ளூர் அறிவுக்கு மதிப்பு. விண்ணப்பத்தில் சர்வே எண்கள் இருக்கும். அவற்றின் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) எஃப்.எம்.பி. என்னும் புல அளவை வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலோ தாலுகா அலுவலகத்திலோ வாங்கிப் பாருங்கள். பக்கத்து உட்பிரிவில் "வாய்க்கால்", "ஓடை", "ஏரி உள்வாய்", "மேய்க்கால்" என்று வகைப்பாடு இருந்தால், விண்ணப்பம் அதைச் சொல்லியிருக்கிறதா என்று சரிபாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்துவிட்டது. பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், பெருங்குடிப் பக்கத்துத் திட்டம் என்றால் சதுப்பு நில எல்லைக்கு எத்தனை தூரம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நிலத்தின் எல்லைக் கோப்பு பரிவேஷில் இணைக்கப்பட்டிருந்தால், வரைபடச் செயலியில் திறந்து நீங்களே அளந்துவிடலாம்.

நான்காவது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்த இடத்தில் நீர் எவ்வளவு நின்றது என்பது உங்கள் தெருவுக்குத் தெரியும். விண்ணப்பம் எழுதிய ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தேதி தெரியும் புகைப்படங்களைத் திரட்டி வையுங்கள். பழைய போனில் இருப்பவை உட்பட.

மதிப்பீட்டுக் குழுவின் கூட்டப் பட்டியல் முன்கூட்டியே தளத்தில் ஏறும். கூட்டம் முடிந்து 5 வேலை நாட்களுக்குள் நடவடிக்கைக் குறிப்பு இறுதி செய்யப்பட்டுத் தளத்தில் போடப்பட வேண்டும் என்பது அறிவிக்கையின் விதி. முழு விண்ணப்பம் வந்து 60 நாட்களுக்குள் குழு முடிக்க வேண்டும். அதன் பரிந்துரை கிடைத்த 45 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். குழு கூடுதல் விவரம் கேட்டால் கோப்பு திரும்பிப் போய் வரும். நிஜத்தில் நாள் கூடும். உங்களுக்கு அது நல்லதுதான்.

இந்தக் கட்டத்தில் குழுவுக்கும் ஆணையத்துக்கும் கடிதம் எழுதுங்கள். உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் எழுதுங்கள். காரணம், அறிவிக்கையின் 8-ஆவது பத்தி. முடிவைப் பாதிக்கக்கூடிய விவரத்தை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யாகச் சொன்னாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்கிறது அது. "இந்த சர்வே எண்ணுக்கு வடக்கே ஏரியின் உபரிநீர் வாய்க்கால் ஓடுகிறது, விண்ணப்பத்தில் அது இல்லை, அ-பதிவேட்டு நகல் இணைப்பு" என்று ஒரு கடிதம் கோப்பில் ஏறிவிட்டால், பிற்பாடு "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. மேல்முறையீட்டில் முதல் ஆதாரமாக நிற்கப்போவது அந்தக் கடிதம்தான். ஒரு பக்கம் போதும். "இயற்கை அன்னை" என்று தொடங்கும் நாலு பக்கக் கடிதத்தை யாரும் படிக்கப் போவதில்லை. தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், அல்லது விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முன்கூட்டியே வரும் ஒரே அறிவிப்பு

நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று ஒன்று இருக்கிறது. விவசாயம், தொழிற்சாலை அல்லது நிறுவனப் பயன்பாடு என்று மாஸ்டர் பிளானில் குறிக்கப்பட்ட நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால், செய்தித்தாளில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். இது நகரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சுற்றுச்சூழல் அனுமதியோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு வீட்டுத் திட்டத்தில் "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா" என்று அரசு கேட்கிற இடம் பெரும்பாலும் இது ஒன்றுதான். சர்வே எண்ணும் கிராமமும் மட்டும் இருக்கும் சின்ன விளம்பரம். அடுக்குமாடி என்ற சொல்கூட அதில் இருக்காது. உங்கள் கிராமத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சங்கத்தில் ஒருவரிடம் பொறுப்பு கொடுத்துவிடுவது நல்லது. நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார்.

படி 4: அனுமதிக்குப் பிறகு வரும் அறிவிப்பு, நான்கு இடங்களில்

அறிவிக்கையின் 10-ஆவது பத்தி 2009 டிசம்பரில் திருத்தப்பட்டது. அனுமதி கிடைத்ததை ஊருக்குச் சொல்லும் கடமையை அது பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது.

விண்ணப்பதாரர் தன் செலவில் நாளிதழ்களில் எடுப்பாக விளம்பரம் செய்ய வேண்டும். கடிதத்தை எந்த அரசுத் தளத்தில் பார்க்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை இதை இன்னும் தெளிவாக்குகிறது. பகுதியில் பரவலாக விற்கும் இரண்டு உள்ளூர் நாளிதழ்கள், அதில் ஒன்று வட்டார மொழியில், கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள். ஆணையம் அனுமதிக் கடிதத்தை அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும். விண்ணப்பதாரர் கடிதத்தின் நகலை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியின் தலைமைக்கும், தொடர்புடைய அரசு அலுவலகங்களுக்கும் கொடுக்க வேண்டும். வாங்கியவர்கள் அதைக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

நாளிதழ் விளம்பரம் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி:

"பொது அறிவிப்பு. ... மாவட்டம், ... வட்டம், ... கிராமம், சர்வே எண்கள் ...-இல் அமையவுள்ள குடியிருப்புக் கட்டடத் திட்டத்துக்கு (மொத்தக் கட்டுமானப் பரப்பு ... சதுர மீட்டர்) மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், கடித எண் ..., நாள் ... மூலம் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியுள்ளது. அனுமதிக் கடிதத்தின் நகல் ஆணையத்திடமும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கிடைக்கும். பரிவேஷ் இணையதளத்திலும் காணலாம்."

இவ்வளவுதான். "எடுப்பாக" என்று சட்டம் சொன்னாலும், இது வருவது டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில். கண்ணில் பட்டதும் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: கடித எண், கடித நாள், சர்வே எண்கள், பரப்பு. கடித நாளுக்கும் விளம்பர நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். தேதியும் பதிப்பும் தெரிய முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். பல நாளிதழ்களுக்கு மாவட்டப் பதிப்புகள் தனித்தனி. செங்கல்பட்டு மாவட்டத்துத் திட்டத்தின் விளம்பரம் உங்கள் வீட்டுக்கு வரும் பதிப்பில் வராமல் இன்னொரு பதிப்பில் வந்திருக்கலாம். மின்னிதழில் பதிப்பை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

உள்ளாட்சி அலுவலகப் பலகை பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாத இடம். கடிதம் ஊராட்சிச் செயலர் மேசையில் ஒரு கோப்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். போய்க் கேளுங்கள். பலகையில் இருந்தால் தேதி தெரியப் படம் எடுங்கள். இல்லையென்றால் "இன்ன திட்டத்தின் அனுமதிக் கடிதம் கிடைத்ததா, எந்த நாளில், எப்போதிலிருந்து வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வைக்காததற்குச் சாட்சி அந்த ரசீது.

மொழி பற்றி ஒரு சொல். கருத்துக் கேட்பு நடக்கும் திட்டங்களில் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். வீட்டுத் திட்டத்தில் தமிழில் வருவது இந்த விளம்பரம் மட்டும். நிபந்தனைகள் அடங்கிய கடிதம் முழுக்க ஆங்கிலம். 2020-ல் புதிய அறிவிக்கையின் வரைவு வந்தபோது, அதை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்டில்தான் நாம் ஊராட்சிப் பலகையில் ஆங்கிலக் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சங்கத்தில் ஆங்கிலம் தெரிந்த இளையவர் ஒருவர் நிபந்தனைகளை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி வாட்ஸப்பில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 5: அந்த 30 நாள்

அனுமதியை எதிர்த்துப் போகுமிடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 16-இன்படி, ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். ஆக மொத்தம் 90. 91-ஆவது நாள் எவ்வளவு நியாயமான காரணத்தோடு போனாலும் தீர்ப்பாயத்துக்கே கதவைத் திறக்க அதிகாரம் இல்லை.

அப்படியென்றால் "தெரிவிக்கப்பட்ட நாள்" எது? இதற்குப் பதில் சொன்னது அருணாசலப் பிரதேசத்து நீர்மின் திட்டம் ஒன்றின் வழக்கு. சேவ் மோன் ரீஜன் ஃபெடரேஷன் வழக்கில் 2013 மார்ச்சில் தீர்ப்பாயம் விளக்கியது இதுதான்: ஆணை பில்டர் கைக்குப் போனால் மட்டும் போதாது, பொதுமக்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். அமைச்சகம், விண்ணப்பதாரர், உள்ளாட்சி என ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் தன் கடமையை முழுமையாகச் செய்து முடித்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கும். பலர் செய்திருந்தால், முந்திய நாள் எதுவோ அதுதான் கணக்கு.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, விளம்பரம் அரைகுறையாக இருந்தாலோ தளத்தில் கடிதம் திறக்காமல் இருந்தாலோ அது முழுமையான தெரிவிப்பு இல்லை என்று வாதிடலாம். படி 4-ல் வாங்கிய ரசீதுகளும் படங்களும் அதற்குத்தான். இரண்டு, அந்த வாதத்தை நம்பி உட்காரக் கூடாது. இருக்கிற தேதிகளிலேயே மிக முந்தியதை எடுத்து, அதிலிருந்து 30 எண்ணி, அதற்குள் தாக்கல் செய்யப் பாருங்கள். தாமத மன்னிப்பு மனு என்பது தவறிப்போனவர்களுக்கான வழி. முதலிலேயே அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ரொம்பப் பேர் விழும் குழி ஒன்று உண்டு. விளம்பரத்தைப் பார்த்ததும் "தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டு எல்லா ஆவணத்தையும் வாங்கிவிட்டு அப்புறம் வழக்கு" என்று முடிவெடுப்பார்கள். பதில் தரச் சட்டம் கொடுக்கும் காலமும் 30 நாள்! பதில் கையில் வரும்போது மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்கும். தகவல் மனு போட வேண்டியது படி 2-ல், கோப்பு நிலுவையில் இருக்கும்போது. பத்து ரூபாய்தான் கட்டணம். நகல் கேட்பதோடு கோப்பை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். அனுமதி வந்தபிறகு இருக்கிற பொது ஆவணங்களை வைத்தே தாக்கல் செய்துவிட்டு, மற்றதைப் பின்னால் கூடுதல் ஆவணமாகச் சேர்க்கலாம்.

இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம் தனி. பாதிக்கப்பட்டவர் யாரும் போகலாம். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. மனுவில் என்ன எழுதுவது என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அவர் கையில் கொடுக்க வேண்டியது தேதி வரிசை ஒன்றும், "விண்ணப்பம் சொல்வது, களத்தில் இருப்பது, ஆதாரம்" என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றும். "இவ்வளவு வீடு வந்தால் டிராஃபிக் ஆகும்" என்ற பொதுக் குறையைவிட, "நீர் ஆதாரம் என்று காட்டிய இணைப்பு இந்தப் பகுதியில் இல்லை, மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பில் இது பற்றி ஒரு கேள்விகூட இல்லை" என்ற ஒரு வரி நூறு மடங்கு பலமானது.

பில்டர் தரப்பில் இருப்பவர்களுக்கு

விளம்பரத்தை மூலையில் ஒளித்து வைப்பது புத்திசாலித்தனம் என்று சில ஆலோசகர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தெளிவான விளம்பரம், திறக்கிற இணைப்பு, உள்ளாட்சியில் சீல் வாங்கிய நகல் எல்லாம் 7 நாளில் முடிந்தால், அதிகபட்சம் 90 நாளில் அனுமதிக்கு எதிரான மேல்முறையீட்டுக் கவலை தீர்ந்தது. அரைகுறையாகச் செய்தால் காலம் எப்போது தொடங்கியது என்பதே வழக்காகும். அதற்குள் நாலு மாடி எழும்பி, பாதி வீடு விற்று, வங்கிக் கடனும் ஓடிக்கொண்டிருக்கும். அனுமதிக்கு முன் செய்யலாம் என்று அறிவிக்கை விட்டிருப்பது நிலத்தைப் பாதுகாக்கும் வேலையை மட்டுமே. நிலத்தைத் தயார் செய்வதுகூட அதில் அடங்காது. வேலி போடலாம், பள்ளம் தோண்டக் கூடாது.

படி 6: காலம் கடந்துவிட்டால்

மேல்முறையீட்டுக் காலம் போனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அனுமதி தந்தது சரியா என்ற கேள்விதான் அடைபடுகிறது. அனுமதியின் நிபந்தனைகளை மீறினால், அதே தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 14-இன் கீழ் தனி மனு போடலாம். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அனுமதி வருவதற்கு முன்பே பொக்லைன் இறங்கிப் பள்ளம் தோண்டினால், தேதியோடு வீடியோ எடுத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆணையத்துக்கும் உடனே புகார் அனுப்புங்கள்.

நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க விண்ணப்பதாரரே ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1 மற்றும் டிசம்பர் 1 தேதிகளில், இணக்க அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள் என்று 10-ஆவது பத்தி வெளிப்படையாகச் சொல்கிறது. யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும், அண்மைய அறிக்கை தளத்திலும் இருக்க வேண்டும். கருத்துக் கேட்பு இல்லாத திட்டத்தில் மக்கள் கையில் இருக்கும் நல்ல கருவி இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. "மழைநீர் வடிகால் அமைக்கப்பட்டுள்ளது" என்று அறிக்கையில் இருந்தால், அதே வாரம் போய் அந்த வடிகாலைப் படம் எடுங்கள். இல்லையென்றால், அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து மத்திய அமைச்சகத்தின் சென்னை ஒருங்கிணைந்த மண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ஆணையத்துக்கு நகலோடு. அனுமதிக் கடித எண்ணைப் பொருள் வரியில் போட மறக்க வேண்டாம். அது இல்லாத புகார் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.